முகத்தை மாற்றிக்கொள்ள யாரிடம் அனுமதி கேட்பது? – வாசகர் கேள்வி பதில்

அழகுக்காகச் செய்துகொள்ளும் அறுவை சிகிச்சையைப் பற்றிக் கடந்த சில இதழ்களாகவே கடிதங்கள் வந்துகொண்டிருக்கின்றன. இதழுக்கு ஒன்றாகப் பதில் சொல்வதைவிட எல்லாவற்றையும் சேர்த்துச் சொல்லிவிடலாம் என்று தோன்றியது. எழுதியவர்களின் பெயர், ஊர் இரண்டையும் நீக்கியிருக்கிறோம். கடிதங்களைச் சுருக்கியும் இருக்கிறோம்.

கேள்வி: டாக்டர், எனக்கு வயது 29. என் மூக்கின் நடுவே ஒரு மேடு உண்டு. பள்ளி நாள்களிலிருந்தே அது எனக்குப் பிடிக்காது. யாராவது பக்கவாட்டில் படம் எடுத்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். சொந்தமாகச் சம்பாதிக்கிறேன், செலவுக்கு யாரையும் எதிர்பார்க்கவில்லை. அறுவை சிகிச்சை செய்துகொள்ளப் போகிறேன் என்றதும் அக்கா, “அது அப்பாவின் மூக்கு, அதை வெட்டி எறிய உனக்கு எப்படி மனம் வருகிறது?” என்று அழுதாள். அப்பா இப்போது எங்களுடன் இல்லை. தோழியோ, “நீ உன்னையே வெறுக்கிறாய், முதலில் அதைச் சரிசெய்” என்கிறாள். நான் நினைப்பது தவறா?

பதில்: தவறு இல்லை. சுற்றி வளைக்காமல் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் உங்கள் கடிதம் நெடுகிலும் குற்றம் செய்தவர் வாக்குமூலம் கொடுக்கும் தொனி இருக்கிறது. பல்வரிசை நேராக வேண்டும் என்று கம்பி கட்டிக்கொள்பவரிடம் “உன்னை நீயே வெறுக்கிறாயா?” என்று யாரும் கேட்பதில்லை. இரண்டுக்கும் வித்தியாசம் உண்டுதான்: மூக்கைத் திருத்த மயக்க மருந்து வேண்டும், எலும்பையும் குருத்தெலும்பையும் செதுக்க வேண்டும், செதுக்கியதைப் பழையபடி ஆக்குவது எளிதல்ல. ஆனால் அந்த வித்தியாசம் கூடுதல் நிதானத்துக்குக் காரணமாகலாமே தவிர, குற்ற உணர்ச்சிக்குக் காரணமாக முடியாது.

உங்கள் அக்காவின் அழுகையை மூக்கைப் பற்றியதாக நான் எடுத்துக்கொள்ளவில்லை. அப்பாவை இழந்தவர், அவருடைய சாயல் எங்கெல்லாம் மிச்சமிருக்கிறதோ அங்கெல்லாம் அதைப் பிடித்து வைத்துக்கொள்ளப் பார்க்கிறார். அவரிடம் போய் “இது என் மூக்கு” என்று வாதாடினால் சண்டைதான் மிஞ்சும். அதே சமயம் அவர் சொன்னதை முழுக்க ஒதுக்கிவிடவும் வேண்டாம். சிகிச்சை நன்றாக முடிந்த பிறகும், கண்ணாடியில் குடும்பச் சாயல் குறைந்துவிட்டதே என்று ஏங்குகிறவர்கள் இருக்கிறார்கள். அப்பாவின் பக்கவாட்டுப் படம் ஒன்றையும் உங்களுடையது ஒன்றையும் அருகருகே வைத்துப் பாருங்கள். வருத்தம் வருமானால் அது சிகிச்சைக்கு முன்பே வந்துவிடுவது நல்லது. அப்படி வந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள். மேட்டை முழுவதுமாக நீக்கித்தான் ஆக வேண்டும் என்று கட்டாயம் ஏதுமில்லை. ஒன்றிரண்டு மில்லிமீட்டர் மட்டும் குறைத்து, லேசான வளைவை விட்டுவைக்கலாம். மூக்கைப் பொறுத்தவரை ஒரு மில்லிமீட்டர் என்பதே கண்ணுக்குத் தெரியும் அளவு.

தோழியின் கேள்விக்கு வருகிறேன். ஆலோசனைக்கு வருபவர்களிடம் நான் கைக்கண்ணாடி ஒன்றைக் கொடுத்து, “எது வேண்டாம் என்று விரல் வைத்துக் காட்டுங்கள்” என்பேன். சிலருடைய விரல் தயங்காமல் ஓர் இடத்தில் போய் நிற்கும். வேறு சிலருடைய விரல் மூக்கில் தொடங்கி, கன்னம், தாடை, கண்ணின் கீழ்ப்பகுதி என்று முகமெங்கும் அலைந்து, கடைசியில் “எல்லாமேதான், டாக்டர்” என்று கண்ணாடியைக் கவிழ்த்து வைத்துவிடும். முதல் வகையினருடன் சிகிச்சையைப் பற்றிப் பேசுவேன். இரண்டாம் வகையினருடன் வேறு விஷயங்களைப் பேசுவேன். உங்கள் கடிதத்தில் விரல் ஒரே இடத்தில்தான் நிற்கிறது. இன்னொன்றையும் நீங்களே கேட்டுக்கொள்ளலாம்: மேடு போன பிறகு, இப்போது செய்யாத எதைச் செய்யப் போகிறீர்கள்? “படம் எடுக்கும்போது முகத்தைத் திருப்ப மாட்டேன்” என்பது பதிலானால், அதை அறுவை சிகிச்சையால் தர முடியும். “என்னை மதிப்பார்கள், விரும்புவார்கள்” என்பது பதிலானால், அதைத் தருவதற்கான கருவி எந்த அறுவை அரங்கிலும் இல்லை.

மற்றவர்கள் நம்மை எவ்வளவு கவனிக்கிறார்கள் என்ற கணக்கில் எல்லோருமே தவறுகிறோம். 2000ஆம் ஆண்டில் வெளியான ஓர் உளவியல் ஆய்வில், கூச்சப்பட வைக்கும் படம் அச்சிட்ட டி-ஷர்ட்டை மாணவர்களுக்கு அணிவித்து, மற்ற மாணவர்கள் உட்கார்ந்திருந்த அறைக்குள் அனுப்பினார்கள். அறையில் இருந்தவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் படத்தைக் கவனித்திருப்பார்கள் என்று அணிந்தவர்கள் நினைத்தார்கள். கவனித்தவர்கள் அதிலும் பாதிதான். உங்கள் மூக்கின் மேட்டுக்கும் இதுவே பொருந்தும், அது நீங்கிய பிறகும் பொருந்தும். பலர் மாற்றத்தைக் கண்டுபிடிக்கவே மாட்டார்கள். அப்படியிருந்தும் செய்துகொள்ளத் தோன்றுகிறதா என்று பாருங்கள். தோன்றினால், ஆசை உங்களுடையதுதான்.

செய்துகொள்வதென்று முடிவானால் பொறுமையைத் தயார்படுத்திக்கொள்ளுங்கள். ஒரு வாரம் கழித்து மூக்கின் மேலுள்ள பட்டையை எடுக்கும்போது கண்ணாடியில் தெரிவது உங்கள் புதிய மூக்கு அல்ல; கண்ணுக்குக் கீழ் மஞ்சளும் ஊதாவுமாகக் கன்றிப்போன முகத்தின் நடுவே, அகன்று, நுனி தூக்கிக்கொண்டு நிற்கும் வீக்கம். அந்த நிமிடத்தில் அழுகிறவர்கள் உண்டு. வீக்கத்தின் பெரும்பகுதி சில வாரங்களில் வடியும். நுனியில் தங்கிய மிச்சம் வடிய ஓராண்டு ஆகும், தோல் தடித்தவர்களுக்கு அதற்கும் மேல். நூறு பேரில் ஐந்து முதல் பதினைந்து பேர் வரை இரண்டாவது முறை திருத்திக்கொள்ள நேர்கிறது. ஆகவே உங்கள் மருத்துவரிடம், இரண்டாவது முறை தேவைப்பட்டால் செலவு யாருடையது என்பதை இப்போதே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: தீக்காயம் பட்டவருக்கும் விபத்தில் முகம் சிதைந்தவருக்கும் செய்வது மருத்துவம். நல்ல உடம்பை அழகுக்காக அறுப்பது வியாபாரம். இரண்டையும் ஒரே தட்டில் வைத்துப் பேசும் உங்களைப் போன்றவர்களால்தான் இளைஞர்கள் கெடுகிறார்கள் என்கிறேன். மறுப்பீர்களா?

பதில்: பாதியை மறுக்கிறேன். இந்தக் கலை தொடங்கிய நாளிலிருந்தே நீங்கள் போடும் கோடு அவ்வளவு நேராக ஓடியதில்லை. சுஸ்ருத சம்ஹிதை, கன்னத்துத் தோலை எடுத்து அறுந்த மூக்கைச் சீரமைக்கும் முறையையும், கிழிந்த காது மடலை ஒட்டும் முறைகளையும் சொல்கிறது. மூக்கறுப்பு என்பது தண்டனையாக இருந்த காலம் அது. மூக்கு அறுபட்டவர் இழந்தது மூச்சை அல்ல, மானத்தை. அவருக்கு மருத்துவர் திருப்பிக் கொடுத்ததும் அதைத்தான். இத்தாலிய அறுவை மருத்துவர் காஸ்பரே தாலியகோட்சி 1597இல் தம் நூலை வெளியிட்டபோது, கைத்தோலைக் கொண்டு மூக்கை அமைக்கும் முறையை விளக்கியதோடு, இந்தச் சிகிச்சை கண்ணுக்கு விருந்து வைப்பதற்கு அல்ல, துவண்ட மனத்தைத் தேற்றுவதற்கே என்ற கருத்தையும் எழுதினார். முதல் உலகப்போரில் முகம் சிதைந்து வந்த வீரர்களுக்காக 1917இல் இங்கிலாந்தின் சிட்கப்பில் தனி மருத்துவமனையே உருவானது. அறுவை மருத்துவர் ஹரால்ட் கில்லீஸும் அவருடைய குழுவினரும் அங்கே கற்றுக்கொண்ட நுட்பங்கள்தாம் பின்னாளில் அழகு சிகிச்சைக்கும் அடித்தளமாயின.

இந்த வரிசையில் எனக்கு மிகவும் பிடித்தவர் பெர்லினின் ஜாக் யோசெஃப். காதுகள் விரிந்து நின்றதால் பள்ளியில் கேலிக்கு ஆளான ஒரு சிறுவனின் காதை 1896இல் அவர் திருத்தினார். நோயில்லாத ஒருவனை வெறும் தோற்றத்துக்காக அறுத்தது முறையல்ல என்று அவரை வேலையிலிருந்து நீக்கினார்கள். இரண்டாண்டு கழித்து, பெரிய மூக்கின் காரணமாக வெளியே வரவே கூசி முடங்கிக் கிடந்த ஒருவருடைய மூக்கைச் சிறிதாக்கினார். அந்த மனிதர் தயக்கமில்லாமல் மக்களிடையே நடமாடத் தொடங்கினார். யோசெஃப் செய்தது மருத்துவமா வியாபாரமா? நீங்கள் எந்தப் பக்கம் வைப்பீர்கள் என்று அறிய எனக்கு உண்மையாகவே ஆவலாக இருக்கிறது.

மறுக்காத பாதியையும் சொல்லிவிடுகிறேன். உடல் நலமாக இருப்பவரை அறுக்கும்போது, சிக்கல் ஏதாவது நேர்ந்தால் அது முழுக்க முழுக்க நஷ்டம்; எதிர்த்தட்டில் வைப்பதற்கு நோய் எதுவும் இருந்திருக்காது. கொழுப்பை உறிஞ்சிப் பிட்டத்தில் செலுத்தும் சிகிச்சையில் ஏறத்தாழ மூவாயிரம் பேரில் ஒருவர் இறந்திருக்கலாம் என்று 2017இல் மருத்துவர்களிடம் எடுத்த கணிப்பு ஒன்று காட்டியபோது, அதைச் செய்துவந்தவர்களே அதிர்ந்துபோனார்கள். ஊசி தசைக்குள் இறங்கி, அங்குள்ள பெரிய இரத்தக்குழாய் வழியாகக் கொழுப்பு நுரையீரலை அடைத்ததுதான் காரணம். ஆகவே இந்தத் துறையில் ஆபத்தைப் பொறுத்துக்கொள்ளும் எல்லை மிகக் குறைவாக இருக்க வேண்டும். இன்றைக்குள் முன்பணம் கட்டினால் தள்ளுபடி, இரண்டு இடத்தில் செய்துகொண்டால் மூன்றாவது இலவசம் என்றெல்லாம் கூவி அழைக்கும் இடங்களை வியாபாரம் என்று நீங்கள் திட்டினால், நானும் உங்களோடு சேர்ந்து திட்டுவேன்.

கேள்வி: என் மகளுக்கு வயது 16. உதட்டைப் பெரிதாக்க ஃபில்லர் ஊசி போட வேண்டும், மூக்கைச் சிறிதாக்க வேண்டும் என்று நச்சரிக்கிறாள். கைப்பேசியில் தன் முகத்தையே மாற்றிய படங்களைக் காட்டி, “இப்படி ஆகணும், அம்மா” என்கிறாள். “நீ இப்படியே அழகுதான்” என்று எத்தனை முறை சொன்னாலும் கோபித்துக்கொள்கிறாள். என்ன செய்வது?

பதில்: அந்த வாக்கியத்தை நிறுத்திவிடுங்கள், அம்மா. நீங்கள் அன்போடுதான் சொல்கிறீர்கள்; ஆனால் அவளுடைய காதில் அது “இதைப் பற்றி மேலே பேசாதே” என்று விழுகிறது. அதற்குப் பதிலாக, இது எப்போது தொடங்கியது, யார் என்ன சொன்னார்கள் என்று கேளுங்கள். பல சமயம் வகுப்பில் வைத்த ஒரு பட்டப்பெயரோ, ஒரு படத்தின் கீழே யாரோ எழுதிவிட்டுப்போன ஒரு வரியோ அடியில் கிடக்கும்.

பிறகு அவளோடு சேர்ந்து ஒரு சோதனை செய்யுங்கள். கைப்பேசியை முகத்துக்கு முப்பது சென்டிமீட்டர் தூரத்தில் பிடித்து ஒரு படம். அதையே ஒன்றரை மீட்டர் தள்ளி வைத்து, முகம் அதே அளவு தெரியும்படி பெரிதாக்கி இன்னொரு படம். முதல் படத்தில் மூக்கு பெருத்துத் தெரியும். கருவிக்கு மிக அருகில் இருப்பது மூக்கு என்பதால், காது போன்ற பின்தள்ளியுள்ள பகுதிகளோடு ஒப்பிட அது அகன்றுபோகிறது. 2018இல் வெளியான ஒரு கணக்கீட்டின்படி, இந்த இரண்டு தூரங்களுக்கும் இடையே மூக்கின் அகலம் ஏறத்தாழ 30 சதவீதம் கூடுதலாகத் தெரிகிறது. உங்கள் மகள் சிறிதாக்க விரும்பும் மூக்கில் ஒரு பங்கு, கை நீளம் போதாததால் உண்டான மூக்கு. இதைச் சொல்வதைவிட அவளே இரண்டு படங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது நூறு மடங்கு வேலை செய்யும்.

மருத்துவரீதியாகவும் அவசரத்துக்கு இடமில்லை. முக எலும்பின் வளர்ச்சி முடியும்வரை மூக்கில் கை வைப்பதில்லை. பெண்களுக்கு அது பெரும்பாலும் 15, 16 வயதிலும் ஆண்களுக்கு இன்னும் ஓராண்டு தள்ளியும் நிறைவடைகிறது. எலும்பு வளர்ந்துவிட்டாலும், இந்த ஆண்டின் ஆசை அடுத்த ஆண்டும் அப்படியே இருக்கிறதா என்று பார்ப்பதில் இழப்பு ஒன்றுமில்லை. உதட்டு ஃபில்லர் பெரும்பாலும் ஹையலூரானிக் அமிலத்தால் ஆனது. சில மாதங்களில் கரைந்துவிடும், தேவைப்பட்டால் மருந்து செலுத்தியும் கரைக்கலாம். அதனால் அது விளையாட்டுப் பொருள் என்று ஆகிவிடாது. ஊசி இரத்தக்குழாய்க்குள் போய்விட்டால் தோல் கருகிப்போகலாம். முகத்தின் சில இடங்களில் போடும்போது, மிக அரிதாக, பார்வையே போயிருக்கிறது. அழகு நிலையத்தில் போட்டுக்கொள்ளும் சமாசாரம் அல்ல இது.

ஒரே ஒரு விதிவிலக்கைச் சொல்ல வேண்டும். விரிந்து நிற்கும் காதைப் படிய வைக்கும் சிகிச்சையை ஐந்தாறு வயதிலேயே செய்கிறோம். அந்த வயதுக்குள் காது ஏறக்குறைய முழு அளவை எட்டிவிடுகிறது என்பது ஒரு காரணம். கேலி தொடங்கும் முன்பே முடித்துவிடலாம் என்பது இன்னொன்று. அப்போதும் குழந்தைக்கு விருப்பம் இருக்க வேண்டும். பெற்றோரின் கண்ணுக்கு உறுத்துகிறது என்பது மட்டும் போதாது.

கேள்வி: நான் 34 வயது ஆண். தாடையில் இரண்டு முறை அறுவை சிகிச்சை செய்துகொண்டேன். இடது பக்கம் இன்னும் கோணலாகவே இருக்கிறது. மனைவியும் நண்பர்களும் எதுவும் தெரியவில்லை என்கிறார்கள். என்னைச் சமாதானப்படுத்தச் சொல்கிறார்கள் என்று நினைக்கிறேன். தினமும் கண்ணாடி முன் இரண்டு மூன்று மணி நேரம் போய்விடுகிறது. அலுவலகத்துக்கு அடிக்கடி விடுப்பு எடுக்கிறேன். இரண்டு மருத்துவர்கள் மூன்றாவது முறை செய்ய மறுத்துவிட்டார்கள். செய்யக்கூடியவர் யாரையாவது சொல்ல முடியுமா?

பதில்: மூன்றாவது முறை செய்யக்கூடியவர் ஒருவரை நான் சொல்லப் போவதில்லை. மறுத்த அந்த இருவரும் உங்களைக் கைவிட்டதாக நினைக்காதீர்கள். உங்கள் பணத்தை வாங்கிக்கொண்டு அறுத்துவிடுவது அவர்களுக்கு எளிதாக இருந்திருக்கும்.

நீங்கள் படும் வேதனை உண்மையானது. அதற்குக் காரணம் தாடையில் இருக்கிறது என்பதைத்தான் நான் சந்தேகிக்கிறேன். மற்றவர்களுக்குத் தெரியாத, அல்லது தெரிந்தாலும் மிகச் சிறிய ஒரு குறை, ஒருவருடைய நாளின் பல மணி நேரத்தை விழுங்கிக்கொண்டு, வேலையையும் உறவையும் குலைக்கும் நிலை ஒன்று உண்டு. இத்தாலிய மனநல மருத்துவர் என்ரிகோ மோர்செல்லி 1891இலேயே அதை விவரித்திருக்கிறார். இன்று பாடி டிஸ்மார்ஃபிக் டிஸார்டர் என்று அழைக்கிறார்கள். மக்கள்தொகையில் ஏறத்தாழ நூறில் இரண்டு பேருக்கு இது இருக்கிறது. அழகு சிகிச்சைக்கு வருபவர்களிடையே இன்னும் அதிகம். ஆண், பெண் இருபாலருக்கும் வருகிறது. அறுவை சிகிச்சையால் இது பெரும்பாலும் தணிவதில்லை. கவலை அதே இடத்தில் நிற்கும், அல்லது வேறோர் இடத்துக்குக் குடிபெயரும். இரண்டு முறைக்குப் பிறகும் நீங்கள் அங்கேயே நிற்பது அதற்குச் சான்றாக இருக்கலாம்.

இதற்கு நல்ல சிகிச்சை இருக்கிறது. அறிவாற்றல் நடத்தை சிகிச்சை எனப்படும் முறையான பயிற்சியும், செரடோனின் சார்ந்த சில மாத்திரைகளும் பலருக்குப் பலன் தந்திருக்கின்றன. மனநல மருத்துவரிடம் போகும்போது “தாடை கோணல்” என்று தொடங்காமல், கண்ணாடி முன் போகும் நேரத்தையும் எடுத்த விடுப்புகளையும் பற்றி முதலில் சொல்லுங்கள். வாழ்ந்து என்ன பயன் என்ற எண்ணம் எப்போதாவது எட்டிப் பார்த்திருந்தால், அதை மறைக்காமல் இன்றைக்கே மனைவியிடமும் மருத்துவரிடமும் சொல்லிவிடுங்கள். இந்த நிலையில் அந்த எண்ணம் வருவது அரிதல்ல, அதற்கு உடனடி உதவியும் உண்டு.

கேள்வி: வயது 22. முன்நெற்றியில் முடி ஏறிக்கொண்டே போகிறது. முடி மாற்று சிகிச்சை செய்துகொள்ளலாமா?

பதில்: இப்போது வேண்டாம். பின்மண்டையிலிருந்து எடுத்து நடும் முடி, தான் வந்த இடத்தின் குணத்தோடு நிலைத்திருக்கும். அமெரிக்கத் தோல் மருத்துவர் நார்மன் ஓரென்ட்ரைக் 1959இல் எழுதி நிலைநாட்டிய இந்த உண்மைதான் மொத்தச் சிகிச்சைக்கும் ஆதாரம். ஆனால் நட்ட முடிக்குப் பின்னால் இருக்கும் உங்கள் சொந்த முடி உதிர்வதை இந்தச் சிகிச்சை நிறுத்தாது. இப்போதே முன்வரிசையை நட்டுவிட்டால், சில ஆண்டுகளில் அது மட்டும் தனித்தீவாக நிற்கும். அடுத்த முறைக்கு எடுக்கப் பின்மண்டையில் இருப்பும் குறைந்திருக்கும். தோல் மருத்துவரைப் பார்த்து, மருந்தால் உதிர்வைக் கட்டுப்படுத்திவிட்டு, அது எந்த வடிவத்தில் போகிறது என்று தெரிந்த பிறகு முடிவெடுங்கள். நட்ட முடி முதல் சில வாரங்களில் கொட்டிவிட்டு மூன்று நான்கு மாதம் கழித்துத்தான் முளைக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள். அந்த இடைவெளியில் ஏமாந்துவிட்டோம் என்று புலம்பாதவர்கள் குறைவு.

கேள்வி: நான் திருநங்கை. ஹார்மோன் சிகிச்சை எடுத்துவருகிறேன். புருவ எலும்பையும் தாடையையும் திருத்திக்கொள்ள விரும்புகிறேன். “ஏற்கெனவே பெண் என்றால் எதற்கு அறுவை?” என்று ஒரு சாராரும், “முகத்தை மாற்றினால் பெண்ணாகிவிடுவாயா?” என்று மறுசாராரும் கேட்கிறார்கள்.

பதில்: இரண்டு கேள்விகளுமே பதிலை எதிர்பார்த்துக் கேட்கப்பட்டவையாகத் தெரியவில்லை. நீங்கள் யார் என்பதை அறுவை சிகிச்சை தீர்மானிப்பதில்லை. தெருவில் எதிரே வருகிற அந்நியர் உங்களை எப்படி அழைக்கிறார் என்பதை அது மாற்றக்கூடும். அந்த ஒன்று மட்டுமே தினசரி வாழ்க்கையை எவ்வளவு இலகுவாக்கும் என்பதை உங்களைவிட நன்றாக அறிந்தவர் இல்லை. பருவ வயதுக்குப் பிறகு இறுகிவிட்ட எலும்பை ஹார்மோன் மாற்றாது என்பதால்தான், சான் பிரான்சிஸ்கோவின் அறுவை மருத்துவர் டக்ளஸ் ஆஸ்டர்ஹவுட் 1980களில் இந்த முறைகளை வகுத்தார். புருவ மேட்டுக்குப் பின்னால் காற்றறை இருப்பதால், பலருக்கு அதை வெறுமனே ராவிவிட முடியாது. அந்த அறையின் முன்சுவரை எடுத்து, பின்தள்ளிப் பொருத்த வேண்டியிருக்கும். முகத்துக்கு சி.டி. ஸ்கேன் எடுக்காமலே திட்டம் சொல்லும் மருத்துவரிடம் இரண்டாவது முறை போகாதீர்கள். தாடையைக் குறைக்கும்போது கீழுதட்டில் மரத்துப்போகும் உணர்வு ஏற்படலாம். சிலருக்கு அது நீடிக்கும். இதை யார் முதலில் உங்களிடம் தாமாகச் சொல்கிறாரோ அவரை நம்பலாம்.

கேள்வி: மார்பகத்தில் வைக்கும் சிலிகான் வாழ்நாள் முழுக்க இருக்குமா?

பதில்: இருக்காது. முதல் சிலிகான் பை 1962இல் வைக்கப்பட்டது. அன்று முதல் பல தலைமுறைகள் மாறிவிட்டன, ஆனால் வாழ்நாள் உத்தரவாதம் மட்டும் வரவில்லை. ஆண்டுகள் கூடக் கூட, சுற்றிலும் உருவாகும் தழும்புத் திசு இறுகுவதும் பை கிழிவதும் கூடுகின்றன. எனவே இன்னொரு அறுவை சிகிச்சையையும் இப்போதே கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். கிழிந்தாலும் வெளியே தெரியாமல் இருக்கலாம் என்பதால், ஐந்தாறு ஆண்டுகளில் ஒரு ஸ்கேனும் அதன்பின் இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறையும் எடுக்க அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு பரிந்துரைக்கிறது. சொரசொரப்பான மேற்பரப்பு கொண்ட வகையோடு அரிதான ஒரு நிணநீர்ப் புற்றுநோய்க்குத் தொடர்பு கண்டறியப்பட்டு, 2019இல் ஒரு நிறுவனத்தின் அவ்வகைப் பொருள்கள் திரும்பப் பெறப்பட்டன. உங்களுக்கு வைப்பது எந்த வகை, என்ன வரிசை எண் என்ற அட்டையைக் கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: சிகிச்சை செய்துகொண்டதை எல்லோரிடமும் சொல்லத்தான் வேண்டுமா?

பதில்: வேண்டாம். “இளைத்துவிட்டாயா, முகமே மாறியிருக்கிறதே” என்று கேட்பவரிடம் சிரித்துவிட்டுப் போகலாம். மறைக்கக் கூடாதவர்கள் சிலர் மட்டுமே: சிகிச்சைக்கு முன் மயக்க மருந்து கொடுப்பவர், பின்னாளில் வேறு எந்தக் காரணத்துக்காகவாவது உங்களைப் பரிசோதிப்பவர், ஸ்கேன் எடுப்பவர். முகத்தில் போட்ட ஃபில்லர் ஸ்கேனில் கட்டிபோலத் தெரிந்து, வேண்டாத பரிசோதனைகளுக்கு இழுத்துச் செல்லக்கூடும். மயக்க மருந்து கொடுப்பவரிடம் நாட்டு மருந்து, சத்து மாத்திரை உட்பட எல்லாவற்றையும் சொல்லுங்கள்; இரத்தம் உறைவதைத் தடுப்பவை அவற்றிலும் இருக்கின்றன. புகைப்பழக்கம் இருந்தால் அதைக் கட்டாயம் சொல்லுங்கள். நிகோடின் நுண்ணிய இரத்தக்குழாய்களைச் சுருக்குவதால் தைத்த தோல் அழுகிவிட வாய்ப்புண்டு. முகத்தோலை இழுத்துத் தைக்கும் சிகிச்சையில் இது இன்னும் அதிகம். குறைந்தது நான்கு வாரம் முன்பும் நான்கு வாரம் பின்பும் ஒரு சிகரெட்கூடக் கூடாது. நிகோடின் கலந்த சூயிங்கமும் அதே கணக்குத்தான்.